தூரமாகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்

"பால் கொடுக்கிறேன், பிள்ளை பிறந்து இன்னும் தூரமே ஆகவில்லை, பிறகென்ன பயம்?" அடுகோடியானாலும் ஆம்பூரானாலும் கைக்குழந்தைக்காரிகள் சொல்வது இதுதான். இதை நம்பிக் கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். கருமுட்டை முதலில் வெளிவருகிறது, விலக்கு அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். அந்த முதல் முட்டையே கருவாகலாம். 'பாட்டி காலத்தில் பால்தானே இடைவெளி கொடுத்தது?' என்பார்கள். பொய்யில்லை, ஆனால் மூன்றையும் சரிபாருங்கள்: பிள்ளைக்கு 6 மாதம் நிரம்பவில்லை, விலக்கு வரவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே. மூன்றும் சேர்ந்தால் அந்த 6 மாதத்தில் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவாகவே கரு தங்கும். ராத்திரிக்கு ஒரு பாட்டில் பவுடர் பால் புகுந்தாலே இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். முட்டையை அடக்கி வைப்பது பிள்ளை அடிக்கடி சப்புவதுதான்.

தாயி கார்டை (தாய்-சேய் அட்டையை) எடுத்துக்கொண்டு அரசு சுகாதார நிலையத்துக்குப் போய் 'சாயா' கருத்தடை மாத்திரை கேளுங்கள். ஹார்மோன் இல்லாததால் பாலைக் குறைக்காது. முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. 'அந்தரா' ஊசி என்றால் பிரசவமாகி 6 வாரம் கழித்துப் போடுங்கள், 3 மாதம் தாங்கும். காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு மாலா-என் மாத்திரை மட்டும் வேண்டாம், பால் குறையும். சந்தேகம் வந்தால் உறவுக்கு 3 வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். நாள் தள்ளிப்போனதா என்று பார்க்க உங்களுக்குத்தான் நாளே இல்லையே.