ஊர்ச் சின்னங்களும் மண்ணின் பொருள்களும்

வானளாவ நிற்கும் சின்னங்களை அண்ணாந்து பார்த்து வியக்கும் நாம், அவை எப்பொருளால் ஆயின என்று கேட்பது அரிது. உயரமும் ஒப்பனையும் கண்ணைக் கவர்வன. ஆயினும், ஒரு கட்டடத்தின் ஆயுளை வரையறுப்பது அதன் பொருளும், அப்பொருள் அவ்விடத்து மண்ணோடும் காற்றோடும் கொண்ட பொருத்தமுமே ஆகும். இவ்வுண்மையைத் தென்பாண்டிச் சீமையின் சான்றுகளைக் கொண்டே ஆராய்வோம்.

கல்லும் கடற்காற்றும்

குமரிக் கடல் நடுவே நிற்கும் திருவள்ளுவர் சிலைக்கு 1979ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1990இல் பணி தொடங்கி, 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சிலை திறக்கப்பெற்றது. கணபதி ஸ்தபதி வடிவமைத்த இச்சின்னத்தின் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி. அஃது அறத்துப்பாலின் அதிகாரங்களைக் குறிக்கும். சிலை 95 அடி. அது பொருட்பால், இன்பத்துப்பால் ஆகியவற்றின் அதிகாரங்களைக் குறிக்கும். வடிவமே நூலுக்கு உரையாக அமைந்த அருமை இது. ஏறத்தாழ 7,000 டன் எடையுள்ள இதற்கான கற்களைச் செதுக்கிய பட்டறைகளுள் ஒன்று தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தில் இயங்கியது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

இங்குக் கல்லைத் தேர்ந்ததன் பயன் யாது? கடற்கரைக் கட்டடத்திற்கு முதற்பகை உப்பு. கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உப்பும் ஈரமும் புகுந்து, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. கருங்கல்லோ நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போதும் இச்சிலை நிலைகுலையாது நின்றது.

எனினும், கல்லுக்கும் பேணுதல் வேண்டும். 2022இல் தொடங்கிய பராமரிப்புப் பணியில் காகிதக் கூழை ஒட்டிக் கல்லில் படிந்த உப்பை நீக்கினர். கல் இணைப்புகளைச் சுண்ணாம்பு, கடுக்காய், பனைவெல்லம் சேர்ந்த கலவையால் அடைத்தனர். அதன்பின் வேதிப்பூச்சுப் பூசினர். புதுமையும் பழமையும் கைகோத்த இடம் அது.

பனையின் பங்கு

அப்பனைவெல்லம் நமக்குப் புதிதன்று. செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சாத்தான்குளம் வட்டாரத்தில், கருப்பட்டி உணவுப்பொருளாக மட்டும் இருந்ததில்லை; சுண்ணாம்புச் சாந்துக்குக் குழைவு தரும் கட்டுமானப் பொருளாகவும் இருந்தது. வைரம் பாய்ந்த பனை, கூரை தாங்கும் பனங்கை ஆயிற்று. ஊரில் விளைந்ததைக் கொண்டே ஊரைக் கட்டினர் நம் முன்னோர்.

இன்று சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்ட் பிடித்தது. உயரமும் விரைவும் கைகூடின. அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கான்கிரீட்டுக்கு மணல் வேண்டுமே! அதற்காகத் தாமிரபரணியின் மடியைத் தோண்டினோம். தோழர் நல்லகண்ணு தாமே நீதிமன்றத்தில் வாதாடியதன் பயனாக, 2010ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவ்வாற்றில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை விதித்தது. ஆற்றுமணல் நீரைத் தேக்கி நிலத்தடிக்கு அளிப்பது. அதை இழந்து எழும் மாளிகைக்குக் குடிநீர் எங்கிருந்து வரும்?

பூங்கா எனும் பொதுச்சொத்து

இவ்வளவுகோல் பூங்காவுக்கும் பொருந்தும். சென்னையில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற செம்மொழிப் பூங்கா ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்புடையது. பெருநகரின் நடுவே அத்துணை நிலத்தைக் கட்டடமாக்காது பசுமைக்கு விட்டதே அதன் சிறப்பு. ஆயின், அதன் தோற்றத்தை அப்படியே பெயர்த்துவந்து தேரி மண்ணில் நடுதல் அறிவுடைமையாகாது. நீரை விரைந்து கீழிறங்கவிடும் செம்மணலில் புல்தரை நாள்தோறும் நீர் கேட்கும். வேம்பும் புங்கும் பூவரசும் வேர்பிடித்தபின் குறைந்த நீரில் நிழல் தரும். நடைபாதை முழுவதையும் சிமெண்டால் மூடாமல், இடைவெளி விட்டுக் கல் பதித்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்.

நம் கடமை

பொருள் மறைந்தால் அதைக் குறித்த சொல்லும் மறையும். கடைக்கால், உத்திரம், வரிச்சு, பனங்கை, மட்டப்பா என்னும் சொற்கள் இன்று முதிய கொத்தனார்களின் நாவிலேயே வாழ்கின்றன. தமிழ் பயிலும் மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊரின் பழைய பள்ளிவாசல், கோயில், தேவாலயம், வீடு இவற்றுள் ஒன்றையேனும் கண்டு, அது எதனால், எவ்வாறு கட்டப்பெற்றது என்பதைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வருவாராக. அக்குறிப்புகள் மொழிக்கும் ஆகும். நாளை நம் ஊரில் சின்னமோ பூங்காவோ அமைப்பார்க்கும் ஆகும். மண்ணை அறிந்து கட்டுவோம், கட்டியதைப் பேணுவோம்.