பூத்தொடுக்க எத்தனை மதிப்பெண்?

"உங்களுக்கு என்ன செய்ய வரணும்?" என்று கேட்டால் நோயாளி பதில் சொல்வார் என்பது பாடப்புத்தகத்தின் நம்பிக்கை. மயிலாப்பூரில் மகன் பதில் சொல்வார். அவர் இல்லையென்றால் மருமகள். நோயாளியோ, "நீ பாத்து எது சொல்றியோ அதும்மா" என்று நம்மிடமே தள்ளிவிடுவார். ஆக்குபேஷனல் தெரபி மாணவியாக வீடுகளுக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். இப்போது கேட்பது இதுதான்: "உடம்பு முடியாம போறதுக்கு முந்தி, சாயங்காலம் நாலு மணிக்கு என்ன பண்ணிட்டிருப்பீங்க மாமி?"

தெற்கு மாட வீதியை ஒட்டிய ஒரு வீட்டில், பக்கவாதத்தால் இடது கை தளர்ந்திருந்த மாமி சொன்ன பதில்: கற்பகாம்பாளுக்குப் பூத்தொடுப்பது. மகனின் பட்டியலில் இருந்தவை குளியல், உடை, கழிப்பறை. பார்தெல் அட்டவணையும் ஏறக்குறைய அவர் கட்சிதான். 1965-இல் வெளியான அந்த அட்டவணையில் பத்து அன்றாடச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண். பூவுக்கு ஒன்றும் கிடையாது.

ஆனால் பூத்தொடுப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். இடது விரல்கள் பிடித்திருக்க, வலது கை நாரைச் சுற்றிச் சுருக்குப் போட்டு இழுக்கும். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் பூ உதிரும். பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொல்லி நாங்கள் வரவழைக்கப் பார்க்கும் விரல் பிடி, இரு கை ஒத்துழைப்பு எல்லாம் இதிலேயே இருக்கிறது. சாமந்தியும் தடித்த நூலுமாக ஆரம்பித்து, மல்லிக்கும் நாருக்கும் மெல்ல வந்தோம். ரவிக்கைக் கொக்கியை இன்றும் மருமகள்தான் மாட்டிவிடுகிறார். இருக்கிற தெம்பைப் பூவுக்கு வைத்துக்கொள்வது என்பது மாமியின் முடிவு. எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்க வேண்டும் என்று நாம்தான் நினைக்கிறோம்.

மருமகளிடமும் தனியாகக் கேட்டேன். இதைத் தவறவிடாதீர்கள். "கொக்கி ஒரு விஷயமே இல்ல. ராத்திரி பாத்ரூமுக்குத் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுலதான் என் முதுகு போகுது" என்றார். கட்டிலின் உயரமும் சுவரில் ஒரு கைப்பிடியும் பூவுக்கு அடுத்த வேலையாயின.

1991-இல் கனடாவில் மேரி லாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சி.ஓ.பி.எம். என்ற அளவுகோல் இப்படிப்பட்ட பேச்சுக்கு ஒரு வடிவம் தருகிறது. தமக்கு முக்கியமான செயல்களை நோயாளியே சொல்லி, எவ்வளவு நன்றாகச் செய்கிறார், எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். அருமையான கருவிதான். ஆனால் நம்மூரில், "பாவம், படிக்கிற பொண்ணு" என்று பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள். குடும்பத்தார் எதிரில் மதிப்பெண் கேட்காதீர்கள். வீட்டார் காபி போட உள்ளே போகும் நேரம் நல்ல நேரம்.

தி.நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் விற்பனையாளராக இருந்த ஒருவருக்கு வலது கையிலும் காலிலும் லேசான பலவீனம். தோளை எத்தனை பாகை தூக்குகிறார் என்பது என் கவலை. ஒரே வீச்சில் புடவையை விரித்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய கவலை. பழைய படுக்கைவிரிப்புகளில் பழகினோம். நாள் முழுக்க நிற்பதுதான் பெரிய சிக்கல். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. முதலாளியிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா, இவன் இனி தேறமாட்டான்னு நினைச்சிடுவாரு" என்றார். சட்டம் நம் பக்கம் இருந்தாலும், வேலை அவருடையது. விரித்த புடவைகளை மடிக்கும் நேரத்தில் உட்கார்ந்துகொள்வது என்று ஒரு வழியை அவரே சொன்னார். அதற்கேற்ற உயரத்தில் ஸ்டூல் பார்த்தோம். ஆடித் தள்ளுபடிக்கு முன் கடைக்குத் திரும்பியாக வேண்டும் என்று கெடு வைத்ததும் அவர்தான். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் பயிற்சி அட்டவணையைப் போட்டேன்.