இயங்காத கணிப்பொறியும் அதனுள் இருக்கும் கோப்புகளும்

சங்கக் கணக்குகளைக் கணிப்பொறியில் காப்பதற்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. அவற்றை ஈண்டு விவரிக்கப் புகவில்லை. அங்கத்தினர் தம் வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருக்கும் சொந்தக் கோப்புகளைப் பற்றியே சில விஷயங்களைக் கூற விரும்புகிறோம். நெசவாளர் ஒருவர் ஈராண்டு உழைத்து வரைந்த கரையும் முந்தியும் இன்று கணிப்பொறியில்தான் இருக்கின்றன. பட்டா, சிட்டா முதலியவற்றின் நகலை மறுபடியும் பெறலாம். ஆனால் அச்சேலை வடிவங்களையும், பத்தாண்டுப் பயிர்ச் செலவுக் குறிப்புகளையும், காலஞ்சென்ற பெற்றோரின் புகைப்படங்களையும் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பெறுவது?

பொறி இயங்கவில்லை என்றவுடன் எல்லாம் போயிற்று என்று எண்ணிவிடுகின்றனர். நாம் செல்லும் ஊர்களில் இதைப் பன்முறை கண்டிருக்கிறோம். மின்சாரம் வழங்கும் பகுதியோ, தாய்ப் பலகையோ, விண்டோஸோ கெட்டிருக்கலாம். கோப்புகள் உள்ள ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் தனி உறுப்பு. அதைக் கழற்றி, யு.எஸ்.பி. உறையொன்றில் பொருத்தி, வேறொரு கணிப்பொறியில் இணைத்தால் கோப்புகள் அப்படியே தென்படக்கூடும். இணைத்தவுடன் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று திரையில் கேள்வி எழுந்தால், வேண்டாம் என்றே விடையளித்தல் வேண்டும். புதிய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி இன்றேல் அது திறவாது. பொறி நல்ல நிலையில் உள்ளபோதே அவ்விலக்கங்களைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைப்பது நலம்.

தவறி அழித்த கோப்பின் நிலை வேறு. பந்தகசாலையில் மூட்டை இருக்க, இருப்புப் பதிவேட்டில் அதற்குரிய வரியை மட்டும் அடித்துவிட்டதற்கு இதனை ஒப்பிடலாம். வேறு சரக்கு அவ்விடத்திற்கு வரும் வரை மூட்டை அங்கேயே கிடக்கும். ஆகவே உடனே அப்பொறியில் வேலை செய்வதை நிறுத்துவதே முதற் கடமை. மீட்கும் மென்பொருளை அதே டிஸ்கில் பதிவதும், மீண்ட கோப்பை அதிலேயே சேர்ப்பதும் கூடாது. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்பவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எஸ்.எஸ்.டி. வகை டிஸ்கில் இந்நம்பிக்கை குறைவு. அழித்த கோப்புகளுக்குரிய இடத்தை டிஸ்க் தானே துப்புரவு செய்துவிடும். சற்றுத் தாமதித்தாலும் மூட்டை இராது.

டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்ற ஓசை வந்தால் மின்சாரத்தை உடனே நிறுத்துக. சுழலும் தட்டிற்கும் அதனைப் படிக்கும் முனைக்கும் இடையேயுள்ள வெளி சில நானோமீட்டரே. ஒரு தூசி அவ்விடைவெளியினும் பன்மடங்கு பெரிது. மேசைமேல் வைத்துத் திறந்து பார்ப்போரிடம் அதனை ஒப்படைப்பது சரியன்று. குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்ற கைவைத்தியமும் வேண்டாம். தூசியற்ற அறையுடைய நிபுணர்களே இதற்கு உரியவர்; கூலி அதிகம். புது டிஸ்கின் விலை அதன் ஒரு சிறு பங்கே என்பதைக் கணக்கறிந்த நம் அங்கத்தினர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1998-ல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில், ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி தவறான ஒரு கட்டளையால் அழிந்தது. காப்பு நகல் உண்டு என்று நம்பித் திறந்தனர்; அது நெடுநாளாகச் சரிவரப் பதிவாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பணிபுரிந்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கணிப்பொறியில் இருந்த நகலே படத்தைக் காத்தது. அத்துணைப் பெரிய நிறுவனத்திற்கு உதவியது விலையுயர்ந்த சாதனமன்று. வேறு கூரையின்கீழ் இருந்த ஒரு நகல்!

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய முறை நமக்கும் பொருந்தும்: மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளங்களில் வெள்ளம் புகுந்ததை நினைத்தால் வேறிடம் ஏன் என்பது விளங்கும். சங்கத்து நெசவாளர் இருவர் தத்தம் நகலை மற்றவர் வீட்டில் வைக்கலாம். வெளியூரிலுள்ள சம்பந்தி வீட்டில் வைப்பது இன்னும் நன்று. கடவுச்சொல்லிட்டுப் பூட்டிக் கொடுத்தால் மனத்தாங்கலுக்கும் இடமிராது. செல்பேசியோடும் இணையத்தோடும் தானே ஒத்துப்போகும் ஏற்பாட்டை மட்டும் நகலெனக் கருதுதல் பிழை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நகல் டிஸ்கை எப்போதும் பொறியிலேயே செருகி வைப்பதும் தகாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர், இணைந்துள்ள நகலையும் சேர்த்தே பூட்டிவிடும். பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லவே ஏற்றது. பல்லாண்டு மின்சாரமின்றிக் கிடந்தால் பதிவு மங்கக்கூடும்.

நகலெடுத்த தேதியை உறைமேல் எழுதுக. எடுத்த அன்றே அந்நகலிலிருந்து நாலைந்து கோப்புகளை வேறொரு பொறியில் திறந்து பார்க்க வேண்டும். சேலை வடிவமாயின் ஓர் இழைவரிசை விடாமல் திரையில் வருகிறதா என்று நோக்குக. இவ்வேலையைக் காலாண்டுக்கு ஒருமுறை, சங்கத்தில் பட்டுவாடா பெறும் நாளில் வைத்துக்கொள்வது வசதியாயிருக்கும்.