தேனீப் பெட்டியைப் பூக்காலத்திலும் பஞ்சகாலத்திலும் பேணும் முறை

தென்னந்தோட்டத்தின் நிழலிலோ வீட்டு வளவின் ஓரத்திலோ இரண்டொரு தேனீப் பெட்டிகளை வைத்திருக்கும் கமக்காரர் நம் நாட்டிற் பலருளர். அவர்களுட் சிலர் முதலாண்டிலே தேன் எடுத்து மகிழ்கின்றனர். அடுத்த ஆண்டிலே பெட்டி வெறுமையாய்க் கிடப்பதைக் கண்டு, "தேனீ ஓடிவிட்டது, இத்தொழில் நமக்கு ஆகாது" எனக் கைவிடுகின்றனர். தேனீ காரணமின்றி ஓடுவதில்லை. உணவு குறைந்தவிடத்தும், பகைப் பூச்சிகளின் தொல்லை மிகுந்தவிடத்தும், அடிக்கடி கலைக்கப்பட்டவிடத்துமே அது பெட்டியை விட்டு நீங்குகின்றது. இவற்றுள் முதலாவதே பெருங்காரணம். பூக்காலத்திலே கிடைக்கும் தேனின் அளவு, அதற்கு முந்திய பஞ்சகாலத்திலே பெட்டி பேணப்பட்ட முறையைப் பொறுத்தது. இவ்வுண்மையை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

நம் நாட்டுத் தேனீயின் இயல்பு

மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெளியிடத்திலே ஒற்றை வதை கட்டி வாழ்வன. அவற்றைப் பெட்டியில் வைத்து வளர்த்தல் இயலாது. மரப்பொந்து, பாறை இடுக்கு, புற்று முதலிய இருண்ட இடங்களிலே பல வதைகளை அடுத்தடுத்துக் கட்டி வாழும் ஆசியத் தேனீயே நாம் பெட்டியில் வளர்ப்பது.

பனிக்காலமுள்ள நாடுகளில் வாழும் தேனீக்கள் பல மாதங்கள் வெளியே செல்ல இயலாமையால், அக்காலத்துக்கு வேண்டிய உணவை மிகுதியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். நம் தேனீயின் வழக்கம் வேறு. உணவு அருகுமாயின், பூவுள்ள இடத்தை நாடி அது குடிபெயரும். குடிபெயருமுன் இராணி முட்டையிடுதலைக் குறைத்து நிறுத்தும். புழுக்கள் வளர்ந்து வெளியேறிய பின் புதிய புழுக்கள் இரா. சேமித்த தேனும் உண்டு முடிக்கப்படும். பின்னர் ஒரு நாள் முழுக் கூட்டமும் பறந்து போகும். இம்முன்னறிகுறிகளைக் காணத் தெரிந்தவர் தம் கூட்டத்தை இழப்பதற்கு முன்னரே உதவி செய்யலாம்.

ஊரின் பூக்காலத்தை அறிதல்

பூக்காலம் நாடு முழுவதற்கும் ஒன்றன்று. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய மாவட்டங்களில் றப்பர் மரம் இலையுதிர்த்து, மாசி, பங்குனி மாதங்களிலே தளிர்க்கும்பொழுது பெருந்தேன்காலம் வரும். இத்தேன் பூவினின்று வருவதன்று. தளிரின் மூன்று சிற்றிலைகளும் காம்பிற் கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளினின்றே வருகின்றது. ஊவாவின் மேட்டுநிலங்களில் யூக்கலிப்ரஸ் மரங்கள் பெருந்தேன் தருவன. வடக்கிலே பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். வறண்ட பகுதிக் காடுகளிலே பாலை, வீரை முதலிய மரங்கள் தேனீக்கு உணவாகும். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விரிப்பதால், தென்னையுள்ள ஊரிலே மகரந்தம் முற்றாக அற்றுப்போவதில்லை.

பஞ்சகாலமும் இடத்துக்கிடம் வேறுபடும். ஈரவலயத்திலே கடுமழை பெய்யும் மாதங்களே பஞ்சகாலம்; பூ இருந்தாலும் தேனீ வெளியே செல்ல முடியாது, பூந்தேனும் மழையால் கழுவப்பட்டுவிடும். வறண்ட பகுதியிலே கார்த்திகை, மார்கழி மாரிமழை ஒரு பஞ்சகாலம். ஆடி, ஆவணியிற் சோளகக் காற்று வீசி நிலம் காயும் காலம் மற்றொன்று.

ஆகவே ஒவ்வொருவரும் தம் ஊரில் எந்த மரம் எந்த மாதத்திற் பூக்கின்றது என்பதை ஒரு கொப்பியிலே குறித்து வைத்தல் வேண்டும். இரண்டாண்டுக் குறிப்பு இருப்பின், பெட்டிக்கு எப்பொழுது என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும்.

நாற்பது நாட் கணக்கு

வேலைக்காரத் தேனீ முட்டையினின்று முழு வளர்ச்சியடைந்து வெளிவர ஏறத்தாழ 20 நாட்கள் செல்லும். வெளிவந்த பின்னரும் அது உடனே பூவை நாடிச் செல்வதில்லை. வதையைத் துப்புரவாக்கல், புழுக்களுக்கு உணவூட்டல், மெழுகு சுரந்து வதை கட்டல், வாயிலைக் காத்தல் ஆகிய உள்வேலைகளில் இரண்டு மூன்று வாரங்கள் கழியும். அதன் பின்னரே அது தேன் தேடப் புறப்படும். எனவே இன்று பூவிற் காணப்படும் தேனீ, ஏறத்தாழ 40 நாட்களுக்கு முன்னர் இடப்பட்ட முட்டையாகும்.

இதனை இரு பெட்டிகளைக் கொண்டு விளக்கலாம். ஒரு பெட்டியில் பஞ்சகாலத்திலே உணவு கொடுக்கப்படவில்லை. இராணி முட்டையிடுதலைக் குறைத்துவிட்டது. பூக்காலம் தொடங்கிய பின்னரே அது மீண்டும் நிறைய முட்டையிடும். அம்முட்டைகள் தேன் தேடும் தேனீக்களாக மாறும்பொழுது பூ உதிர்ந்திருக்கும். வந்த தேன் முழுவதும் புழுக்களை வளர்ப்பதிலே செலவாகிவிடும். மற்றப் பெட்டிக்குப் பூக்காலத்துக்கு ஆறு வாரம் முன்னரே சீனிப்பாகு கொடுக்கப்பட்டது. பூ விரியும் நாளிலே அதன் தேனீக்கள் படையாகப் புறப்படும். பூ ஒன்றே, இடமும் ஒன்றே, பலனோ வேறு.

றப்பர்த் தோட்டத்தை அடுத்து வாழ்வோர்க்கு மரமே நாட்காட்டியாகும். மரம் இலையுதிர்க்கத் தொடங்கும்பொழுதே பெட்டியை ஆயத்தஞ் செய்தல் வேண்டும். தளிர் கண்ட பின் ஆயத்தஞ் செய்வது காலங்கடந்த செயல்.

பஞ்சகாலத்திற் செய்ய வேண்டியவை

1. உணவு கொடுத்தல். ஒரு கிலோ வெள்ளைச் சீனிக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர் சேர்த்துக் கரைத்துக்கொள்க. பனங்கட்டி, வெல்லம், சிவப்புச் சீனி ஆகியவை தேனீக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்குமாதலால் அவற்றைக் கொடுத்தலாகாது. கடையில் வாங்கிய தேனும் நோயைக் கொண்டுவரக் கூடும். ஒரு தேநீர்க் கோப்பை அளவு பாகை, சிரட்டையில் அல்லது சிறு பாத்திரத்தில் ஊற்றி, தேனீ அமிழ்ந்துவிடாதபடி சிறு குச்சிகளை மிதக்கவிட்டு, பெட்டியினுள்ளே வைக்க. வாரத்துக்கு இரண்டு முறை போதும். மாலை மங்கிய பின்னரே கொடுத்தல் வேண்டும். ஒரு துளியேனும் வெளியே சிந்தினால் அயற் பெட்டித் தேனீக்கள் மணமறிந்து கொள்ளையிட வரும். பல பெட்டிகள் இருப்பின் எல்லாவற்றுக்கும் ஒரே மாலையிற் கொடுக்க.

2. வதைகளைக் குறைத்தல். தேனீக்கள் மூடியிராத வதை மெழுகு அந்துப் பூச்சிக்கு உறைவிடம். கறுத்த பழைய வதைகளையும் வெறும் வதைகளையும் அகற்றி, எஞ்சியவற்றில் தேனீக்கள் நெருங்கி மூடியிருக்குமாறு செய்க. அகற்றிய வதையைப் பெட்டியருகே எறிதலாகாது, உருக்கி மெழுகாக்குக. அடிப்பலகையிற் படியும் மெழுகுத் தூளை வாரந்தோறும் துடைத்தல் வேண்டும்.

3. வாயிலைச் சுருக்குதல். வலிமை குன்றிய கூட்டம் அகன்ற வாயிலைக் காக்க இயலாது. இரண்டு மூன்று தேனீக்கள் செல்லக்கூடிய அளவுக்கு வாயிலைச் சுருக்கிவிடுக. குளவிகள் வாயிலிலே காத்திருந்து தேனீயைப் பிடிப்பதையும் இது தடுக்கும்.

4. எறும்பைத் தடுத்தல். பெட்டி நிற்கும் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்துக. புல்லோ கிளையோ பெட்டியைத் தொடுமாயின் எறும்புக்கு அதுவே பாலம்.

5. நீரும் நிழலும். கோடையிலே தேனீ நீர் கொணர்ந்து, சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர்விக்கின்றது. அருகில் ஒரு தட்டிலே கூழாங்கற்களை இட்டு நீர் வைக்க. பிற்பகல் வெயில் நேரே படாதவாறு பெட்டியை நிழலில் வைத்தல் வேண்டும்.

6. நலிந்த கூட்டங்களைச் சேர்த்தல். நலிந்த இரு கூட்டங்களைத் தனித்தனியே வைத்திருந்து இரண்டையும் இழப்பதிலும், ஒன்றாக்கி ஒன்றைக் காத்தல் மேல். நலிந்த இராணியை அகற்றி, இரு கூட்டங்களுக்கும் இடையே சிறு துளைகளிட்ட பத்திரிகைத் தாளை விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க. தேனீக்கள் தாளைக் கடித்து அகற்றுவதற்குள் இரு கூட்டத்தின் மணமும் ஒன்றாகிவிடும், போர் நிகழாது.

பஞ்சகாலத்திலே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காற்றும் மழையுமற்ற நேரத்தில், விரைவாகப் பார்த்து மூடுதல் போதுமானது. மகரந்தம் வரவு நின்று, முட்டையும் புழுவும் இல்லாதிருக்கக் கண்டால், கூட்டம் புறப்படப் போகின்றது என அறிக. உடனே பாகு கொடுத்து, நோயற்ற வேறு பெட்டியினின்று புழுக்களுள்ள வதையொன்றைத் தருக. புழுக்களை விட்டுச் செல்லத் தேனீ எளிதில் உடன்படாது.

பைப்புழு நோய் குறித்தும் விழிப்பு வேண்டும். இந்நோய் கண்ட புழு, நீர் நிறைந்த பைபோலாகி, தலை மேல்நோக்கி வளைந்து தோணியின் முனைபோலக் கிடந்து இறக்கும். 1991, 1992ஆம் ஆண்டுகளிலே தென்னிந்தியாவிற் பெருந்தொகையான கூட்டங்கள் இதனால் அழிந்தன. இது நச்சுயிரியால் வருவது, மருந்தாற் குணமாவதில்லை. நோய்ப் பெட்டியின் வதையை மற்றப் பெட்டிக்கு மாற்றாதிருத்தலும், கூட்டத்தை வலிமையாய் வைத்திருத்தலுமே காப்பு.

பூக்காலத்திற் செய்ய வேண்டியவை

பூ விரியத் தொடங்கியதும் பாகு கொடுத்தலை அறவே நிறுத்துக. நிறுத்தாவிடின் சீனி தேன்வதையிற் சேரும். அதனைத் தேன் என விற்பது வாங்குவோரை ஏமாற்றுவதாகும். கீழறை நிறைந்திருந்தால் மாத்திரம் மேலே தேனறையை வைக்க. நிறையாத பெட்டிக்கு மேலறை வைத்தல், சிறு குடும்பத்துக்குப் பெருவீடு கட்டிக் கொடுத்தல் போலாம்.

இக்காலத்தில் வாரத்துக்கொரு முறை கீழறையைப் பார்த்தல் வேண்டும். முதலில் ஆண் தேனீக்கள் மிகும். அவற்றின் அறை மூடிகள் மேடாகி நடுவே சிறு துளையுடன் காணப்படும். அடுத்து, வதையின் கீழ்விளிம்பிலே நிலக்கடலை போன்ற இராணியறைகள் தொங்கும். கூட்டம் பிரியப் போவதன் அடையாளம் இது. தேனே வேண்டின் இராணியறைகளை நீக்கி, வதை கட்ட இடங் கொடுக்க. மற்றொரு பெட்டி வேண்டின், கூட்டத்தை நீரே இரண்டாகப் பிரித்துக்கொள்க. இரண்டும் செய்யாதிருப்பின் பாதிக் கூட்டம் காட்டுக்குப் போய்விடும்.

தேன் எடுத்தல்

வதையின் முக்காற் பகுதியேனும் மெழுகால் மூடப்பட்ட பின்னரே தேன் முதிர்ந்ததாகும். மூடாத தேனில் நீர் மிகுதி. அது சில நாளிற் புளித்து நுரைக்கும். பொச்சு எரித்த மென்புகை சிறிது காட்டி, சட்டங்களை எடுத்து, சுழல் இயந்திரத்திலே தேனைப் பிரித்து, வதையைத் திரும்பக் கொடுக்க. வதையைத் திரும்பப் பெற்ற கூட்டம் புது வதை கட்டும் உழைப்பை மீதப்படுத்தித் தேனைச் சேர்க்கும். வதையைப் பிழிவோர் தேனோடு புழுவின் சாற்றையும் பெறுகின்றனர், கூட்டத்தையும் இழக்கின்றனர்.

மேலறைத் தேன் நமக்கு. கீழறைத் தேன் தேனீக்கு. இதனை மீறாத விதியாகக் கொள்க. பூக்காலத்தின் இறுதியெடுப்பிலே பேராசை ஆகாது. அடுத்து வருவது மழையோ வறட்சியோ ஆகலின், அன்று விட்டுவைக்கும் இரண்டொரு போத்தல் தேனே அடுத்த ஆண்டின் விதைநெல்லாகும். விதைநெல்லைக் குற்றி உண்ணும் கமக்காரர் எவருமிலர்.

வயலும் தோட்டமும்

பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறு. இவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்று அதனைக் கொண்டு செல்லாது. தேனீ வாராத தோட்டத்திலே பிஞ்சுகள் வெம்பி உதிர்வதும், காய் கோணுவதும் இதனாலேயே. நெல்லுக்குத் தேனீயின் உதவி வேண்டுவதில்லை. எனினும் கதிர் பூக்கும் நாட்களில், முற்பகலிலே தேனீக்கள் நெற்பூவின் மகரந்தத்தைத் திரட்டுவதைக் காணலாம்.

அந்நேரத்தில் வயலுக்கோ தோட்டத்துக்கோ பூச்சிநாசினி தெளித்தால், ஆண்டு முழுவதும் பேணிய கூட்டம் ஒரே நாளில் அழியும். பூத்திருக்கும் பயிருக்குத் தெளித்தலைத் தவிர்க்க. தவிர்க்க இயலாதவிடத்து, தேனீக்கள் கூடு திரும்பிய மாலைப்பொழுதிலே தெளிக்க. அயலவர் தெளிக்கும் நாளையும் முன்னரே கேட்டறிக. பெட்டி வைத்திருப்பவர் அயலவருக்கு ஒரு போத்தல் தேன் கொடுப்பது வீண்செலவன்று.

வளவில் முருங்கை, துளசி, வாழை ஆகியவற்றை வளர்த்தல் பஞ்சகாலத்தில் தேனீக்குச் சிறிதேனும் துணையாகும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவிலே திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு உள்ளது.

சுருங்கக் கூறின்: பூக்காலத்துக்கு ஆறு வாரம் முன்னரே உணவூட்டுக, பூ விரிந்ததும் நிறுத்துக, மூடிய வதையை மாத்திரம் எடுக்க, கீழறைத் தேனைத் தொடாது விடுக. இந்நான்கையும் கைக்கொள்வோரின் பெட்டி வெறுமையாகும் வாய்ப்பு மிகக் குறைவு.