காபிச் சாகுபடி: முக்கியக் குறிப்புகள் (வத்திராயிருப்புத் தேர்வர்களுக்கு)

பிளவக்கல் அணையில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை எதிரிலேயே நிற்கிறது. இவ்வளவு பக்கத்தில் மலை இருந்தும் நம்ம ஊரில் ஏன் காபி இல்லை? இந்தக் கேள்வியோடு படித்தால் பாதிப் பாடம் தானாக மனதில் நிற்கும்.

● அராபிகாவுக்கு 1000 முதல் 1500 மீட்டர் உயரமும், 1600 முதல் 2500 மி.மீ. ஆண்டு மழையும் வேண்டும். ரொபஸ்டா 500 முதல் 1000 மீட்டரிலேயே வரும், வெக்கையையும் கொஞ்சம் தாங்கும். நாம் இருப்பது அடிவாரம், அதுவும் தென்மேற்குப் பருவமழையின் மறைவுப் பக்கம். விருதுநகர் மாவட்டத்தின் சராசரி மழை 900 மி.மீ.-க்கும் குறைவு. அதனால்தான் இங்கே நெல்லும் தென்னையும்.

● மேலே ஏறினால் பாதுகாக்கப்பட்ட காடு: 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் (நாட்டில் 51-ஆவது, தமிழ்நாட்டில் 5-ஆவது).

● காபியைச் செடியில் பார்க்க வேண்டுமென்றால் போடிமெட்டு, சிறுமலை, கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போகலாம். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, கொல்லிமலை மற்றவை.

● உற்பத்தியில் கர்நாடகம் முதலிடம் (சுமார் 70%), அடுத்து கேரளம், மூன்றாவது தமிழ்நாடு. நாட்டின் மொத்த உற்பத்தியில் ரொபஸ்டாதான் அதிகம், தமிழ்நாட்டிலோ அராபிகா முந்துகிறது. இந்த முரணைக் கேள்வியாக்குவது எளிது, குறித்துக்கொள்ளுங்கள்.

● பூ மழை: மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால், அதுவரை மொட்டாகவே உறங்கிய பூக்கள் ஒன்பது, பத்து நாளில் மொத்தமாக விரியும். மல்லிகையை ஒத்த வெள்ளைப் பூ, வாசனையும் அப்படியே. சில நாளில் உதிர்ந்துவிடும். மழை தவறினால் அந்த ஆண்டு விளைச்சலே போச்சு. அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கும் (குரோமோசோம் 44). ரொபஸ்டாவுக்கு அயல் மகரந்தம் வேண்டும் (22). அராபிகா பழுக்க எட்டு, ஒன்பது மாதம், ரொபஸ்டாவுக்கு இன்னும் ஓரிரு மாதம் கூடுதல்.

● நிழல்: சில்வர் ஓக், கல்யாண முருங்கை மரங்களின் கீழே காபி, மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி. திறந்த வெயிலில் காபி வளர்க்கும் பிரேசிலிலிருந்து நாம் வேறுபடுவது இங்கேதான்.

● பழத்துக்குள்: சிவப்புத் தோல், இனிக்கும் கொழகொழப்பு, காகிதம் போன்ற உறை, மெல்லிய வெள்ளித்தோல், அப்புறம் முதுகு உருண்டு முகம் தட்டையான இரண்டு கொட்டைகள். ஒன்று மட்டும் உருண்டு விளைந்தால் அது பீபெரி. பறித்த அன்றே தோலுரித்து, கொழகொழப்பைப் புளிக்க வைத்துக் கழுவி, உறையோடு காய வைத்தால் ‘பார்ச்மென்ட்’. பழத்தை முழுசாகவே காய வைத்தால் ‘செர்ரி’. இரண்டும் இன்னும் பச்சைக்கொட்டைதான். முகர்ந்தால் காபி வாசனையே வராது, அது வறுக்கும்போது பிறப்பது.

● வரலாறு: 1670-இல் பாபா புதான் ஏமனிலிருந்து ஏழு விதைகளைச் சிக்கமகளூரு மலைக்குக் கொண்டுவந்ததாக மரபு. இலங்கையில் 1869-இல் இலைத்துரு நோய் பரவி, காபி அழிந்து தேயிலை வந்தது. அந்தக் காபித் தோட்டங்களுக்கு முதலில் போனவர்கள் ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள். 1985 வரை நம்ம ஊரும் ராமநாதபுரம் மாவட்டம்தான்.

● காபி வாரியம்: 1942 சட்டம், தலைமையகம் பெங்களூரு. வணிகம், தொழில் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வேளாண் அமைச்சகம் என்று எழுதி மதிப்பெண்ணை விடாதீர்கள். மத்திய ஆராய்ச்சி நிலையம் பாலேஹொன்னூர் (1925).

● புவிசார் குறியீடு (2019): குடகு, சிக்கமகளூரு, பாபாபுதன்கிரி, அரக்கு அராபிகாக்கள், வயநாடு ரொபஸ்டா.

● சிக்கரி காபி இனமே அல்ல. காபி ரூபியேசி குடும்பம், சிக்கரி ஆஸ்டரேசி. வறுத்துப் பொடிப்பது அதன் வேரை, காஃபின் கிடையாது. கலவைத் தூளில் காபி 51%-க்குக் குறையக் கூடாது என்பது விதி. விகிதத்தைப் பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும்.