பத்து வேலைநாள்

சிட்னி கிரவீனில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் இந்த வருடம் மூன்று பிள்ளைகள் பொறியியல் படிக்கப் போகிறீர்கள். கோயிலில் கண்டபோது உங்களில் ஒருவர் சொன்னார்: "மாமா, முகாமைத்துவப் பாடம் சும்மா கதை. பாஸ் பண்ணினால் போதும்." பேராதனையில் பொறியியல் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. அந்த வகுப்புக்கு ஒளிக்காதீர்கள். உங்கள் பட்டத்தை அங்கீகரிக்கும் எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா, புதுப் பட்டதாரியிடம் 16 தகைமைகளை எதிர்பார்க்கிறது. அவற்றில் 6 கணிதத்தோடு சேராதவை: தொழில் ஒழுக்கம், பேச்சும் எழுத்தும், குழுவில் வேலை, இப்படி.

2. மெல்பேர்ன் போனால் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிளேய்ட்டன் வளாகத்தில் பொறியியல் தோட்டத்தைப் பாருங்கள். அங்கே கிடக்கும் இரும்புத் துண்டுகள் வெஸ்ட் கேட் பாலத்தினுடையவை. 1970 ஒக்டோபர் 15, காலை 11.50க்கு, கட்டிக்கொண்டிருந்த 112 மீற்றர் பகுதி விழுந்து 35 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியை நெடுக்காக இரண்டு பாதியாகச் செய்து மேலே ஏற்றியிருந்தார்கள். பொருத்தப் போனால் ஒரு பாதி மற்றதைவிட 11 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம். அமுக்குவதற்கு ஏறத்தாழ 80 தொன் கொங்கிறீற் கட்டிகளை வைத்தார்கள், தகடு புடைத்தது. புடைப்பை எடுக்க போல்ட்டுகளைக் கழற்றினார்கள், பாலம் போய்விட்டது. இதற்கிடையில் இரும்பு வேலை எடுத்த நிறுவனத்திடமிருந்து வேலையைப் பிடுங்கி, கொங்கிறீற் வேலை செய்த நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். விசாரணை ஆணைக்குழு வடிவமைப்பில் மட்டும் குறை காணவில்லை. எந்தப் பொறுப்பு எவருடையது என்ற குழப்பத்தையும் சொன்னது. தளத்தில் 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே கேட்டுவிடுங்கள். சிரிப்பார்கள். கேளுங்கள்.

3. காசுக் கடிதத்தை அன்றன்றே திறவுங்கள். நியூ சவுத் வேல்ஸில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. கட்டட வேலை செய்தவர் பேமென்ட் கிளெய்ம் அனுப்பினால், குறைத்துக் கொடுக்க நினைப்பவர் 10 வேலைநாளுக்குள் காரணம் காட்டிப் பதில் எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் நாள் இன்னும் குறைவாகவும் இருக்கலாம். எழுதாவிட்டால் கேட்ட முழுத்தொகையும் உங்கள் தலையில். எனக்குக் கீழ் வேலை செய்த கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் ஒவ்வொரு கியூபிக் மீற்றரையும் திரும்ப அளந்து, பன்னிரண்டாம் நாள் பதிலைக் கொண்டுவந்தான். கணக்கில் ஒரு சதம்கூடப் பிழையில்லை. நாள்தான் பிழைத்துவிட்டது. அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. அந்த நாளைக் கலண்டரில் குறித்திருக்க வேண்டியவன் நான்.

4. முதலில் சொல்லும் விலையைச் சந்தேகியுங்கள். ஸ்நோயி 2.0 நீர்மின் திட்டத்துக்கு 2017இல் சொன்னது 2 பில்லியன் டொலர். 2023இல் அது 12 பில்லியன். ஃபுளோரன்ஸ் என்று பெயர் வைத்த சுரங்க இயந்திரம் இளகிய மண்ணில் மாட்டி மாதக்கணக்கில் நின்றது. நிலத்தைத் துளைத்துப் பார்க்கு முன் சொல்லும் விலை வெறும் ஆசை.

5. பென்டில் ஹில்லிலோ வென்ட்வர்த்வில்லிலோ தெரிந்தவர் பலசரக்குக் கடை வைத்திருந்தால், விடுமுறையில் ஒரு மாதம் கல்லாவில் நில்லுங்கள். அரிசி மூட்டைக்கு இன்று காசு கட்டுகிறார். விற்று முடிய ஆறு கிழமை. புத்தகத்தில் லாபம் நிற்கும், வங்கியில் வாடகைக்குக் காசிராது. பெரிய கட்டட நிறுவனங்களும் இப்படித்தான் விழுகின்றன.

6. எங்கள் வீடுகளில் பெரியவர் பேசினால் குறுக்கே பேசமாட்டோம். நல்ல பழக்கம். இங்கே வேலையிடத்துக் கூட்டத்தில் அதே பழக்கத்தோடு இருந்தால், உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார்கள். வாய் வராவிட்டால் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். யார், எதை, எந்தத் திகதிக்குள் என்று எழுதப்போகிறவர் கேள்வி கேட்டே ஆகவேண்டும்.

சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பேன். கேள்வியோடு வாருங்கள். ரெசுமே திருத்துவதென்றால் மாமியிடம் கொடுங்கள், அவவின் ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது.