உறை உரிந்த நரம்பும் உடற்சோர்வும்

உங்கள் வீட்டு மின்விசிறிக்குச் செல்லும் கம்பியைப் பாருங்கள். செம்புக் கம்பியின் மேல் ஓர் உறை இருக்கிறது. அந்த உறை அங்கங்கே உரிந்து, கம்பி ஈரத்தில் படிந்து கிடந்தால் என்ன ஆகும்? மின்னோட்டம் வழியிலேயே கசியும். சேர வேண்டிய இடத்திற்கு முழுமையாகச் சேராது.

நம் உடலிலும் இப்படி உறையிட்ட இழைகள் உண்டு. அவையே நரம்பு இழைகள். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளின் உறை அங்கங்கே அழிந்துபோகும் நோய்க்கு 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்று பெயர். 'பல இடங்களில் தடிப்பு' என்பது இதன் பொருள். 1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் ஷார்க்கோ இதைத் தனியொரு நோயாக விவரித்தார். நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய தற்காப்பு ஆற்றல், உடலின் சொந்த உறையையே பகையென எண்ணித் தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பாதிக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது.

பார்வை மங்கல், கால் தடுமாற்றம், மரத்துப்போதல் எனப் பல தொல்லைகள் இதில் உண்டு. ஆயினும் நோயாளிகளில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் கூறும் குறை சோர்வு ஆகும். நீங்கள் கபடி ஆடிவிட்டு வந்தால் தோன்றும் களைப்பு ஓர் இரவுத் தூக்கத்தில் தீர்ந்துவிடும். இந்தச் சோர்வோ, காலையில் எழும்போதே உடன் எழுந்து நிற்கும். வெளியே காயம் இல்லை, கட்டு இல்லை. எனவே பார்ப்பவர்கள் 'சோம்பேறி' என்று சொல்லிவிடுகிறார்கள்.

இதற்கு மாத்திரை இல்லையா? சோர்வுக்கு வழக்கமாகத் தரப்படும் மூன்று மருந்துகளை அமெரிக்காவில் 141 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளிவந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அம்மூன்றும் மேலாக இல்லை! ஆகவேதான் மருந்தில்லா வழிகள் முக்கியத்துவம் பெறுகின்றன. அவை ஏன் பயன் தருகின்றன என்பதை அறிய, முதலில் நரம்பின் இயற்பியலைப் பார்ப்போம்.

கணுவுக்குக் கணு தாவும் செய்தி

நரம்பு இழையின் மேல் உள்ள உறைக்கு மயலின் என்று பெயர். கொழுப்புப் பொருள் மிகுந்த இது ஒரு சிறந்த மின்காப்புப் பொருள். உறை தொடர்ச்சியாக இராமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் இடைவெளி விட்டிருக்கும். இந்த இடைவெளிகளே ரான்வியர் கணுக்கள். மூங்கில் கணுக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணுவில் சோடியம் அயனிகள் உள்ளே பாயும்போது ஒரு மின்துடிப்பு தோன்றுகிறது. அது அடுத்த கணுவைத் தூண்டுகிறது. இவ்வாறு செய்தி தாவித் தாவிச் செல்வதால், பருமனான உறையிட்ட இழைகளில் விநாடிக்கு 100 மீட்டர் வேகம்கூடக் கிடைக்கிறது. உறையே இல்லாத மெல்லிய இழைகளிலோ வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான்.

அடுத்த கணுவைத் தூண்டக் குறைந்தபட்சம் இவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று ஓர் எல்லை உண்டு. நலமான நரம்பில் அதைப்போல் 5 முதல் 7 மடங்கு மின்னோட்டம் கிடைக்கிறது. கைவசம் தாராளமான இருப்பு! உறை அழிந்த இடத்தில் மின்னோட்டம் கசிவதால் இந்த இருப்பு கரைந்து, எல்லையை ஒட்டி வந்து நிற்கிறது. சிறு குறைவு ஏற்பட்டாலும் செய்தி நின்றுவிடும்.

அரை டிகிரி செய்யும் வேலை

1890ஆம் ஆண்டில் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்தார். இந்நோயாளிகளில் சிலருக்குச் சற்று நடந்து உழைத்ததும் பார்வை மங்கியது, ஓய்வெடுத்ததும் தெளிந்தது. உழைப்பே காரணம் என்று அவர் எண்ணினார். உழைப்பினால் உடலில் ஏறும் வெப்பமே காரணம் என்பது பின்னாளில் தெரியவந்தது.

வெப்பம் ஏறினால் கணுவிலுள்ள சோடியம் வாயில்கள் விரைவாக மூடிக்கொள்கின்றன. மின்துடிப்பு நீடிக்கும் நேரம் குறைகிறது. குழாயைச் சட்டென்று மூடினால் குடத்தில் சேரும் நீர் குறைவதுபோல, அடுத்த கணுவுக்குச் சேரும் மின்னூட்டமும் குறைகிறது. நலமான நரம்பு இதைப் பொருட்படுத்தாது. அதனிடம் இருப்பு உண்டு. எல்லையில் நிற்கும் நரம்புக்கு அரை டிகிரி உயர்வே போதும், செய்தி நின்றுவிடும். உடல் குளிர்ந்ததும் செய்தி மீண்டும் ஓடும். இது தற்காலிகத் தடையே. இதனால் நரம்பு மேலும் அழிவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

குளிர்ச்சிக் கணக்கு

அப்படியானால் உடலைக் குளிர்வித்தால் என்ன? ஒரு கணக்குப் போடுவோம். உடலின் தன்வெப்பம் கிராமுக்கு 0.83 கலோரி. 60 கிலோ எடையுள்ளவரின் வெப்பநிலையை அரை டிகிரி செல்சியஸ் குறைக்க,

60,000 × 0.83 × 0.5 = 24,900 கலோரி

வெப்பத்தை நீக்க வேண்டும். பனிக்கட்டி உருகும்போது கிராமுக்கு 80 கலோரியை உறிஞ்சும். எனவே சுமார் 310 கிராம் பனிக்கட்டி போதும் என்று தோன்றும். ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. ஓய்வில்கூட மணிக்கு ஏறத்தாழ 70,000 கலோரி வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மேலும், தோலில் கடுங்குளிர் பட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்வெப்பம் வெளியேறுவதைத் தடுத்துவிடும். ஆகவே 15 டிகிரி அளவில் உருகும் பொருள்களைப் பைகளில் இட்டுத் தைத்த மேலங்கிகளும் உள்ளன.

1969இல் நிலவில் நடந்த விண்வெளி வீரர்கள், நீரோடும் மெல்லிய குழாய்கள் பதித்த உள்ளாடையை அணிந்திருந்தனர். அதே முறையில் அமைந்த குளிர்ச்சி ஆடையை 84 நோயாளிகளிடம் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் அதை அணிந்த மாதத்தில் சோர்வு குறைந்ததாக அவர்கள் கூறினர். இப்படிப்பட்ட ஆடை இல்லாவிட்டாலும் மின்விசிறி, ஈரத்துணி, குளிர்ந்த நீரில் குளியல், வெயிலுக்கு முன் வெளிவேலை ஆகியவை அதே இயற்பியலைத்தான் பயன்படுத்துகின்றன. மரத்துப்போன தோலில் பனிக்கட்டியை நேராக வைப்பது மட்டும் கூடாது, புண்ணானாலும் தெரியாது.

ஆற்றலுக்கு வரவு செலவு

சோர்வுக்கு வெப்பம் ஒன்றே காரணமன்று. பழுதான பாதைகளைச் சுற்றிக்கொண்டு போக மூளை கூடுதலாக உழைக்கிறது. உடலுக்குள் நடக்கும் அழற்சியும் களைப்பைத் தருகிறது. எனவே இரண்டாவது வழி, இருக்கும் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுவது. முக்கிய வேலையைத் தெம்புள்ள நேரத்தில் செய்தல், களைப்பு வருமுன்பே சிறு ஓய்வு எடுத்தல், நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்தல், அடிக்கடி தேவைப்படும் பொருளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல், பிறரிடம் பகிர்ந்து கொடுத்தல் ஆகியவை இதில் அடங்கும். இவற்றை ஆறு வாரப் பாடமாக 169 நோயாளிகளுக்குக் கற்பித்துச் சோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. சோர்வின் தாக்கம் குறைந்ததாக அது காட்டியது.

மூன்றாவது வழி உடற்பயிற்சி. 'சிக்கனம் என்று சொல்லிவிட்டுச் செலவு செய்யச் சொல்கிறீர்களே?' என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் எண்ணி, பயிற்சி வேண்டாம் என்றனர். ஆனால் அசையாதிருந்தால் தசை மெலியும். மெலிந்த தசைக்கு மாடிப்படி ஏறுவதே பெருவேலையாகும். 1996இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளுக்கு 15 வாரம் பயிற்சி தந்து, உடல்திறன் உயர்வதைக் காட்டினர். பிந்திய பல ஆய்வுகளில் சோர்வும் குறைந்தது. வெப்பத்தடை தற்காலிகமானது என்று மேலே கண்டோம் அல்லவா? அதனால்தான் பயிற்சி தீங்காவதில்லை. குளிர்ந்த நேரத்திலோ நீரிலோ, சிறிது சிறிதாக, மருத்துவர் அறிவுரைப்படி செய்தால் போதும்.

நான்காவது, மனத்தையும் தூக்கத்தையும் சீர்செய்தல். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல், தசை இறுக்கம், கவலை ஆகியவை தூக்கத்தைத் திருடிவிடும். அவற்றைச் சரிசெய்தாலே பாதிச் சுமை இறங்கும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் உரையாடல் முறையை 336 பேரிடம் தொலைபேசி வழியாகவே சோதித்தார்கள். 2024இல் வந்த முடிவின்படி, அது ஒரு மருந்துக்கு ஈடாகச் சோர்வைக் குறைத்தது.

இவற்றுள் எதுவும் அழிந்த உறையை மீட்டுத் தராது. நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் வேறு, அவற்றை நிறுத்தலாகாது. ஆனால் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் தெம்பாக இருந்தவர் நான்கு மணி நேரம் இருக்க முடிந்தால், அது ஒரு வேலையைத் தக்கவைத்துக்கொள்ளவோ, ஒரு படிப்பை முடிக்கவோ உதவும்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் பட்டியலில் சேர்த்துள்ளது. சட்டம் ஏற்றுக்கொண்டதை நாமும் ஏற்க வேண்டாமா? உங்கள் ஆசிரியரோ, அத்தையோ, உடன் படிப்பவரோ 'இன்று முடியவில்லை' என்று சொன்னால், முகத்தைப் பார்த்து அளவிடாதீர்கள். நரம்பின் இருப்பு வெளியே தெரிவதில்லை. ஒரு நாற்காலியும் மின்விசிறிக் காற்றும் தந்தால் அதுவும் உதவிதான்.

செய்து பாருங்கள்

1. மூன்று நாள்கள், காலை எழுந்ததும் மாலை ஐந்து மணிக்கும் வெப்பமானியால் உங்கள் உடல் வெப்பநிலையைக் குறியுங்கள். வேறுபாடு எவ்வளவு? இந்நோயாளிகள் பலருக்குப் பிற்பகலில் சோர்வு மிகுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

2. உங்கள் எடைக்கு, அரை டிகிரி குறைக்க எத்தனை கிராம் பனிக்கட்டி உருக வேண்டும் எனக் கணக்கிடுங்கள்.